டத்தோ ஓன் ஜாபர்: சொல்லால் உயர்ந்தவர், சொல்லால் தாழ்ந்தவர்



ஜோகூர் பாருவில் கடை வைத்திருக்கும் நமக்குப் பண்டார் டத்தோ ஓன் என்ற பெயர் புதிதன்று. சரக்கு வண்டி அங்கே போகிறது, வருகிறது. வாடிக்கைக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார், அவர் என்ன செய்தார், எதில் வென்றார், எதில் தோற்றார் என்று கேட்டால் நம் பிள்ளைகளில் பலர் விழிக்கிறார்கள். பெரியவர்களிலும் சிலர் அம்னோவைத் தொடங்கியவர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அதற்குமேல் உள்ள கதையே நமக்கு வேண்டிய கதை.

தேர்தல் வந்துவிட்டால் நம் கடைவாசலில் கொடி தொங்குகிறது. துண்டுப் பிரசுரம் கல்லாப்பெட்டி மேல் குவிகிறது. இப்போது கைத்தொலைபேசியிலும் இரவு பகல் என்றில்லாமல் செய்தி வந்து விழுகிறது. எந்தச் சொல் ஜனங்களின் நெஞ்சில் தங்குகிறது, எந்தச் சொல் காதோடு போய்விடுகிறது என்பதை அறிய நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. நம் ஊரிலேயே பிறந்து, நம் ஊரிலேயே அடங்கியிருக்கும் மர்ஹூம் டத்தோ ஓன் பின் ஜாபர் அவர்களின் வாழ்க்கை அதற்குப் போதிய பாடமாகும்.

பிறப்பும் வளர்ப்பும்

டத்தோ ஓன் 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5-ஆம் தேதி ஜோகூர் பாருவில் பிறந்தார். தந்தையார் டத்தோ ஜாபர் பின் ஹாஜி முகம்மது ஜோகூர் மாநிலத்தின் முதல் மந்திரி புசார். தாயார் ரொகாயா ஹனும் துருக்கி சுல்தானின் ராஜ்யத்திலிருந்து வந்த சர்க்காசிய இனத்து மாது. அதே 1895-இல் பட்டத்துக்கு வந்த அக்கால சுல்தான் இப்ராஹிம் அவர்கள் இந்தப் பிள்ளையைத் தம் சொந்தப் பிள்ளை போல் அரண்மனையில் வளர்த்தார்.

சிறு வயதிலேயே அவரை இங்கிலாந்துக்கு அனுப்பி சஃபோக் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் படிக்க வைத்தார்கள். 1910-இல் திரும்பி வந்ததும் கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் சேர்த்தார்கள். ஆகவே வெள்ளைக்கார துரையிடம் அவர் துரை போலவே பேசுவார். கம்பத்து விவசாயியிடம் மலாய் மொழியில் அவன் மனம் உருகும்படி பேசுவார். இரண்டு சந்தையிலும் செல்லுபடியாகும் நாணயம் ஒருவர் கையில் இருந்தால் அவருக்கு எவ்வளவு வசதி என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியும்.

பத்திரிகைதான் பள்ளிக்கூடம்

ஜோகூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்துவந்த அவர் 1920-களின் இறுதியில் ஜோகூர் நிர்வாகத்தைக் குறைகூறி சிங்கப்பூர் ஆங்கிலப் பத்திரிகையில் எழுதினார். வளர்த்த சுல்தானுக்குக் கோபம் வந்தது. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் வாசம் செய்யவேண்டி வந்தது. அந்த வனவாசமே அவருக்கு வரமாயிற்று.

1930-இல் வார்த்தா மலாயா என்ற மலாய் நாளேடு தொடங்கப்பட்டபோது அதன் ஆசிரியராக அமர்ந்தார். 1934-இல் லெம்பாகா மலாயா என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். அக்காலத்து மலாய்ப் பத்திரிகைகள் ஜாவி எழுத்தில் வந்தன. நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதியது போல் அவர்கள் அரபு எழுத்தில் மலாய் எழுதினார்கள். மதரஸாவில் ஓதிய புண்ணியத்தில் நானும் ஜாவியைத் தட்டுத் தடுமாறி வாசிப்பவன். அக்காலத்தில் கம்பத்தில் எல்லோருக்கும் எழுத்து வராது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் காப்பிக்கடையில் உரக்க வாசிப்பார், பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஆகவே பத்திரிகைக்கு எழுதுபவர் கண்ணுக்கு மட்டும் எழுதினால் போதாது, காதுக்கும் எழுதவேண்டும். எளிய சொல், குறுகிய வாக்கியம், கேட்டவன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் திருப்பிச் சொல்லக்கூடிய கருத்து ஆகியவையே அந்தத் தொழிலின் முதல். இந்த முதலைச் சேர்த்துக்கொண்டு 1936-இல் அவர் ஜோகூருக்குத் திரும்பினார். சுல்தானும் சமாதானமாகி மாநிலச் சபையில் இடம் தந்தார்.

பத்து பகாட்டில் ஒரு சோதனை

1945-இல் ஜப்பானியர் சரணடைந்த பிறகு ஜோகூரில் பயங்கரமான நாட்கள் வந்தன. காட்டிலிருந்து வெளிவந்த ஜப்பான் எதிர்ப்புப் படையினர், ஜப்பானியருக்கு உதவியவர்கள் என்று பலரைப் பிடித்துத் தண்டித்தார்கள். அதனால் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் பகை மூண்டது. பத்து பகாட், மூவார் பக்கங்களில் ரத்தம் சிந்தியது. கியாய் சாலே என்பவர் தலைமையில் மலாய்க்காரர்கள் பராங்கு ஏந்தித் திரண்டார்கள்.

அப்போது பத்து பகாட் மாவட்ட அதிகாரியாக இருந்தவர் டத்தோ ஓன். போலீசும் பட்டாளமும் போதாத சமயம். அவர் தாமே நேரில் சென்று கியாய் சாலேயைச் சந்தித்துப் பேசி, சீனர்மீது பாயவிருந்த கூட்டத்தைத் தடுத்து நிறுத்தினார். இரு தரப்புப் பெரியவர்களையும் சமாதானத்துக்குக் கொண்டுவந்தார். அன்று அவர் கையில் ஆயுதம் இல்லை. அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஓட்டுக்காக அல்லாமல் உயிருக்காகப் பேசிய அந்தப் பேச்சு அவர் பெயரை ஜோகூர் முழுதும் பரப்பிற்று.

1946: ஒரு கோஷம் நாட்டைத் திரட்டியது

நிற்க. யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசாங்கம் மலாயன் யூனியன் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. சர் ஹரோல்ட் மக்மைக்கேல் என்பவர் 1945 அக்டோபர் முதல் டிசம்பருக்குள் ஒன்பது சுல்தான்களிடமும் கையெழுத்து வாங்கிப் போனார். முதல் கையெழுத்து நம் ஜோகூர் சுல்தானுடையது. சுல்தான்களின் அதிகாரம் சுருங்கும். இங்கே பிறந்தவர்களுக்கும் நெடுங்காலம் வசித்தவர்களுக்கும் இன பேதமின்றிப் பிரஜா உரிமை தாராளமாகக் கிடைக்கும். இவையே அத்திட்டத்தின் சாரம்.

இவ்விடத்தில் நாம் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தத் திட்டத்தின் பிரஜா உரிமைப் பகுதி, கடல் கடந்து வந்து கடை போட்ட நம் பாட்டன்மாருக்கு அனுகூலமானது. டத்தோ ஓன் எதிர்த்தது அந்தத் திட்டத்தையே. ஆகவே அவருடைய முதல் பெரிய வெற்றி நம்மவர்களுக்கு லாபமான வெற்றி அன்று. ஆயினும் அவர் பக்கம் நின்று பார்த்தால், தம் சொந்த மண்ணில் தம் ஜனங்கள் கேள்வி முறையின்றிச் சிறுத்துப் போவார்கள் என்ற அச்சம் நியாயமற்றது என்று சொல்லிவிடவும் முடியாது.

அவர் செய்த வேலையைக் கவனியுங்கள். 1946 ஜனவரியில் பத்து பகாட்டில் ஜோகூர் தீபகற்ப மலாய் இயக்கத்தைத் தொடங்கினார். உத்துசான் மெலாயு பத்திரிகை வழியாக எல்லா மலாய்ச் சங்கங்களும் ஒன்று கூடவேண்டுமென அழைப்பு விடுத்தார். மார்ச் மாதம் 1 முதல் 4 வரை கோலாலம்பூர் கம்போங் பாருவிலுள்ள சுல்தான் சுலைமான் கிளப்பில் 41 சங்கங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி புதிய கவர்னர் பதவியேற்கும் வைபவத்துக்குச் சுல்தான்கள் போகக்கூடாது என்று வேண்டி அவர்களைத் தடுத்துவிட்டார். அவர்கள் தங்கியிருந்த ஸ்டேஷன் ஹோட்டலுக்கு முன்னால் ஜனக்கூட்டம் திரண்டு நின்றது. துக்கத்தின் அடையாளமாக ஏழு நாட்கள் சொங்கோக்கில் வெள்ளைத் துணி சுற்றிக்கொள்ளும்படி மலாய்க்காரர்களுக்குச் சொல்லப்பட்டது.

அந்த வெள்ளைத் துணியின் சூட்சுமத்தை எண்ணிப் பாருங்கள். எழுத்து அறியாதவனும் அதைச் சுற்றிக்கொள்ளலாம். செலவு இல்லை, சட்டத்தில் தடையும் இல்லை. பிரசங்கம் கேட்க வராதவனும் தெருவில் நூறு பேர் தலையில் வெள்ளை கண்டால் விஷயம் என்னவென்று கேட்பான். அவ்வாறு கேட்பவனுக்கு விடையாக ஹிடுப் மெலாயு, அதாவது மலாய்க்காரர் வாழ்க என்ற இரண்டே சொற்கள் இருந்தன. மே மாதம் 11-ஆம் தேதி ஜோகூர் பாரு பெரிய அரண்மனையில் அம்னோ பிறந்தது. டத்தோ ஓன் அதன் முதல் தலைவரானார். அம்மாதத்திலேயே லண்டன் பார்லிமெண்டு அங்கத்தினர் இருவர் நிலைமையை அறிய வந்தபோது, அதுவரை வீட்டை விட்டு அரசியலுக்கு வராத மலாய்ப் பெண்மணிகளும் ஊர்வலத்தில் வந்து நின்றார்கள்.

முடிவில் 1948 பிப்ரவரி 1-ஆம் தேதி மலாயன் யூனியன் ரத்தாகி மலாயாக் கூட்டரசு ஏற்பட்டது. பிரஜா உரிமை இறுக்கப்பட்டது. ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் சாம்ராஜ்யத்தின் தீர்மானம் ஒன்று மாற்றப்பட்டது. ஜனங்கள் ஏற்கெனவே உள்ளத்தில் உணர்ந்ததையே அவர் வாயால் சொன்னதுதான் அதற்குக் காரணம். அவர் சொன்ன வார்த்தையும் அவரும் அன்று வேறு வேறாக இருக்கவில்லை.

கதவைத் திறக்கச் சொன்னார்

ஜோகூரின் மந்திரி புசாராகவும் அம்னோவின் தலைவராகவும் இருந்த அந்த வருஷங்களில் அவருடைய எண்ணம் மாறத் தொடங்கியது. 1949-இல் பல இனத் தலைவர்களும் கூடிப் பேசும் சமூகத் தொடர்புக் குழு அமைந்தது. அதில் உட்கார்ந்து பேசப் பேச, இந்த நாடு சுதந்தரம் பெறவேண்டுமானால் மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவரும் ஒரே கட்சியில் இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அம்னோவின் கதவைப் பிற இனத்தாருக்கும் திறக்கவேண்டும் என்றார். கட்சியின் பெயரிலேயே மலாய்க்காரர் என்ற சொல்லை மலாயாவினர் என்று மாற்றவேண்டும் என்றார். ஆங்கில எழுத்தில் பெயரின் சுருக்கம் அப்படியே இருக்கும், பொருள் மட்டும் முற்றிலும் மாறிவிடும்.

நம்மவர்களுக்கு நன்மையான பேச்சு இது. ஆனால் கேட்டவர்கள் யார்? ஐந்து வருஷத்துக்கு முன் மலாய்க்காரர் வாழ்க என்று அவரே சொல்லிக்கொடுத்த கோஷத்தை நெஞ்சில் எழுதி வைத்திருந்தவர்கள் அவர்கள். ஆசிரியர் அன்று சொல்லிக்கொடுத்த பாடத்தை இன்று அழிக்கச் சொல்கிறார். பாடம் ஏன் மாறிற்று என்று கம்பம் கம்பமாகப் போய் விளக்கிச் சொல்லிப் பக்குவப்படுத்தும் பொறுமை அவருக்கு இல்லை. எதிர்ப்பு வந்தபோது 1950-இல் ஒரு தடவை ராஜிநாமா செய்தார். தொண்டர்கள் கண்ணீர் விட்டு மீண்டும் அழைத்தார்கள், வந்தார். ஆனால் 1951 ஆகஸ்டில் நிரந்தரமாக வெளியேறினார். அவர் நாற்காலியில் துங்கு அப்துல் ரஹ்மான் அமர்ந்தார்.

1952: கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல்

1951 செப்டம்பர் 16-ஆம் தேதி கோலாலம்பூர் மெஜஸ்டிக் ஹோட்டலில் மலாயா சுதந்தரக் கட்சியை டத்தோ ஓன் ஆரம்பித்தார். எல்லா இனத்தாரும் சேரலாம். அந்தக் கூட்டத்துக்குச் சீனர் தலைவர் டான் செங் லோக் தலைமை வகித்தார். மலாயா இந்தியர் காங்கிரசும் அப்போது அவர் பக்கம் நின்றது. அரசாங்கத்திலும் உள்நாட்டு விவகாரப் பொறுப்பு அவர் கையில் இருந்தது. வெளிப்பார்வைக்கு எல்லாமே அவருக்குச் சாதகம்.

1952 பிப்ரவரி 16-ஆம் தேதி கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல் நடந்தது. மொத்தம் 12 இடங்கள். சிலாங்கூர் அம்னோவின் டத்தோ யஹ்யாவும் சீனர் சங்கத்தின் எச்.எஸ். லீயும் கை கோத்து அபேட்சகர்களை நிறுத்தினார்கள். அவர்கள் ஒரே கட்சியாகக் கலக்கவில்லை. நீ உன் வீட்டில் இரு, நான் என் வீட்டில் இருக்கிறேன், தேர்தலுக்கு மட்டும் ஒன்றாகப் போவோம் என்ற ஏற்பாடு அது. முடிவில் கூட்டணிக்கு 9 இடங்கள், டத்தோ ஓன் கட்சிக்கு 2, சுயேச்சை ஒன்று.

அவருடைய செய்தி உயர்ந்ததுதான். ஆனால் மலாய் வாக்காளன் தன் அடையாளம் கரைந்துவிடுமோ என்று அஞ்சினான். சீன வாக்காளனுக்கோ தன் சங்கம் ஏற்கெனவே இருந்தது. எல்லோருக்கும் பொதுவான வீடு என்று அவர் காட்டினார், ஆனால் அதில் தன் அறை எது என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டணி ஒவ்வொருவனுக்கும் அவன் அறையை முதலில் காட்டியது. பிறகு முற்றம் பொது என்றது. இதுவே வித்தியாசம்.

1955: நாடளாவிய முதல் தேர்தல்

தோல்விக்குப் பிறகு அவர் பேச்சில் கசப்பு ஏறியது. 1953-இல் சீனர் சங்கத்தையும் இந்தியர் காங்கிரசையும் கடுமையாகத் தாக்கிப் பேசினார். நேற்று வரை அழைப்பிதழ் அனுப்பியவர்களையே இன்று வாசலில் நின்று ஏசுவது போலாயிற்று. 1954 பிப்ரவரியில் பார்ட்டி நெகாரா என்ற புதுக் கட்சியைத் தொடங்கினார். இம்முறை மலாய்க்காரரின் உரிமை, வெளியிலிருந்து வருபவர்களைத் தடுத்தல் என்பவற்றை முன்னே வைத்தார். 1953-இல் அமலுக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்தின் இறுக்கத்தை ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருந்த நம் பெரியவர்களுக்கு அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. இந்தியர் காங்கிரசும் 1954-இல் கூட்டணியில் சேர்ந்துகொண்டது.

1955 ஜூலை 27-ஆம் தேதி கூட்டரசுச் சட்டசபைக்குத் தேர்தல். 52 இடங்கள். பதிவான வாக்காளர் ஏறக்குறைய 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். இந்தக் கணக்கைப் பார்த்த எவரும் மலாய்க்காரரின் அச்சத்தைத் தட்டி எழுப்பினால் போதும், வெற்றி நிச்சயம் என்றே நினைப்பார்கள். டத்தோ ஓனின் பிரசாரமும் அந்த வழியே போனது. கூட்டணி வென்றால் பிற இனத்தார் கை ஓங்கிவிடும் என்பது அதன் சாரம்.

எதிரே கூட்டணி என்ன சொன்னது? முதலாவது, மெர்டேகா என்ற ஒரே சொல். துங்கு 1951-லேயே அம்னோவின் பழைய கோஷத்தை மாற்றி அதை வைத்துவிட்டார். மலாய்க்காரர் வாழ்க என்பது ஓர் இனத்தார் மட்டும் முழங்கக்கூடியது. சுதந்தரம் என்பதை எவரும் முழங்கலாம். இரண்டாவது, கெடு. டத்தோ ஓனின் முந்திய கட்சி பத்து வருஷம் என்று பேசிய இடத்தில் கூட்டணி நான்கு வருஷத்துக்குள் சுதந்தரம் என்றது. கடன்காரன் பார்க்கலாம் என்பதற்கும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் தருகிறேன் என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா? மூன்றாவது, பாய்மரக் கப்பல் சின்னம். எழுத்து அறியாதவனும் ஓட்டுச் சீட்டில் அதைக் கண்டுகொள்வான். நான்காவது, செய்து காட்டிய செயல். 52 அபேட்சகர்களில் 35 பேர் மலாய்க்காரர், 15 பேர் சீனர், 2 பேர் இந்தியர் என்று பங்கிட்டு நிறுத்தினார்கள். வாக்காளர் கணக்கின்படி பார்த்தால் மலாய்க்காரர் விட்டுக்கொடுத்த பங்கு அது.

முடிவு வந்தது. 52-இல் 51 இடங்கள் கூட்டணிக்கு. கிரியான் தொகுதி ஒன்றில் மட்டும் இஸ்லாமியக் கட்சி வென்றது. பார்ட்டி நெகாராவுக்கு விழுந்த ஓட்டு நூற்றுக்கு ஏறக்குறைய எட்டு. ஒருவர்கூட ஜெயிக்கவில்லை. தாம் பிறந்த ஜோகூர் பாருவில், தாம் அம்னோவைப் பெற்றெடுத்த அதே பட்டணத்தில், அம்னோவின் சுலைமான் பின் டத்தோ அப்துல் ரஹ்மானிடம் டத்தோ ஓன் தோற்றுப்போனார்.

சகோதரர்களே, இத்தேர்தலின் மிகப் பெரிய விஷயம் 51 என்ற எண் அன்று. நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரராக இருந்த வாக்காளர் பட்டியலில், நிறுத்தப்பட்ட 15 சீனரும் 2 இந்தியரும் ஒருவர் விடாமல் ஜெயித்தார்கள். கம்பத்து மலாய்க்காரன் பயத்துக்கு ஓட்டுப் போடவில்லை. நம்பிக்கைக்கு ஓட்டுப் போட்டான். பிற இனத்தானுக்கு அவன் ஓட்டளிக்கமாட்டான் என்ற எண்ணத்தை அவனே பொய்யாக்கினான். இரண்டே வருஷத்தில், 1957 ஆகஸ்ட் 31-இல் சுதந்தரமும் வந்தது.

ஒரு வாய், மூன்று செய்தி

1946-இல் இருந்த அதே நாவன்மை 1955-லும் அவரிடம் இருந்தது. அவர் மேடையேறினால் கூட்டம் கூடத்தான் செய்தது. ஆனால் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஓட்டுப் போட வந்தவர்கள் அல்லர். 1946-இல் மலாய்க்காரர் என்றார். 1951-இல் எல்லோரும் என்றார். 1954-இல் மீண்டும் மலாய்க்காரர் என்றார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் வாக்காளன் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. இவர் நாளைக்கு என்ன சொல்லுவார் என்றே அவன் பார்க்கிறான். ஒரே கடையில் மூன்று வருஷத்துக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டினால் சரக்கு நல்லதாக இருந்தாலும் வாடிக்கைக்காரன் தயங்கித்தான் நிற்பான்.

இன்னொன்றும் உண்டு. 1951-இல் அவர் சொன்னது அவர் சொன்னவற்றிலெல்லாம் தூரதிருஷ்டி உள்ளது. மூன்று இனமும் சேராமல் இந்நாட்டுக்கு விமோசனம் இல்லை என்பதை அம்னோவுக்குள் முதலில் உரக்கச் சொன்னவர் அவரே. அவரைத் தோற்கடித்தவர்கள் வேறு உருவத்தில் அதையே செய்து வெற்றி கண்டார்கள். சரியான சொல்லைத் தவறான பருவத்தில் சொன்னவர் தோற்றார். அதைப் பருவம் பார்த்துப் பாத்தி கட்டியவர்கள் அறுவடை செய்தார்கள். அவர் அந்தத் தோல்வியைப் பொறுத்துக்கொண்டு அதே சொல்லில் நின்றிருந்தால் சரித்திரம் அவரை இன்னும் உயரத்தில் வைத்திருக்கும். ஆத்திரம் அவரைப் பழைய சொல்லுக்கே இழுத்துச் சென்றது. பழைய சொல்லோ அப்போது வேறொருவர் வீட்டில் குடியேறிவிட்டது.

கடைசி நாட்கள்

ஆயினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. கிழக்குக் கரையில் கூட்டணிமீது அதிருப்தி வளர்ந்திருந்தது. 1959 ஜூனில் திரெங்கானு மாநிலத் தேர்தலில் மொத்தம் 24 இடங்களில் இஸ்லாமியக் கட்சி 13, கூட்டணி 7, பார்ட்டி நெகாரா 4 என்று வென்றன. அவ்வாண்டு ஆகஸ்டில் நடந்த பார்லிமெண்டு தேர்தலில் டத்தோ ஓன் தெற்குக் கோலத்திரெங்கானுவில் நின்று ஜெயித்தார். 104 இடங்களில் அவருடைய கட்சிக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான். தம் சொல்லுக்குக் காது கொடுக்கும் ஜனங்களை, பிறந்த ஊருக்கு வெகு தூரத்தில் அவர் கண்டார்.

1962 ஜனவரி 19-ஆம் தேதி தமது 66-ஆம் வயதில் இறையடி சேர்ந்தார். மஹ்மூதியா அரச அடக்கத்தலத்தில் அவரை நல்லடக்கம் செய்தார்கள். கோபித்த சுல்தானும் கோபிக்கப்பட்ட எழுத்தாளரும் இன்று ஒரே வளாகத்தில் துயில்கிறார்கள். தந்தையோடு 1951-இல் வெளியேறிய மகன் ஹுசேன் ஓன் 1968-இல் அம்னோவுக்குத் திரும்பி, 1976 முதல் 1981 வரை மலேசியாவின் மூன்றாவது பிரதம மந்திரியாக இருந்தார். பேரனின் தலைமுறையும் தாண்டி, கொள்ளுப்பேரன் ஓன் ஹபீஸ் காஸி 2022 மார்ச்சில் ஜோகூரின் மந்திரி புசாராகப் பதவியேற்றார். பாட்டனாரின் தகப்பனார் அமர்ந்த அதே பதவி.

நமக்கு என்ன?

அந்த 2022 மார்ச் 12-ஆம் தேதித் தேர்தலில்தான் ஜோகூரில் 18 வயதுப் பிள்ளைகள் முதன்முறையாக ஓட்டுப் போட்டார்கள். ஆனாலும் பதிவானவர்களில் ஏறக்குறைய 55 சதவீதத்தினரே வாக்குச் சாவடிக்குப் போனார்கள். 1955-இல் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் போனார்கள். அன்றைக்குக் கம்பத்திலிருந்து நடந்தும் படகிலும் வந்தவன் ஓட்டுப் போட்டான். இன்றைக்குக் கையிலேயே ஆயிரம் செய்தி வைத்திருப்பவன் வீட்டில் இருந்துவிடுகிறான். செய்தி பெருகிற்று, நம்பிக்கை பெருகவில்லை என்பதல்லவா இதன் பொருள்?

நம் சங்கத்து இளைஞர்களில் சிலர் இக்காலத்தில் கட்சிகளுக்குத் துண்டுப் பிரசுரம் எழுதித் தருகிறார்கள், மேடையில் பேசுகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். எழுதும் முன், கேட்பவனின் மனத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று அறியுங்கள். ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாததைப் பத்து வாக்கியத்தில் சொல்லாதீர்கள். கெடு சொன்னால் அந்தக் கெடுவுக்குள் செய்யுங்கள். பயத்தை விற்காதீர்கள். அது அன்றைக்கு விற்றாலும் மறுநாள் திரும்பி வரும் சரக்கு.

வாக்காளராகிய நாமும் ஒரு கேள்வியை மறக்கலாகாது. வாசலில் வந்து இனிக்க இனிக்கப் பேசும் அபேட்சகர் சென்ற தேர்தலில் என்ன பேசினார்? இரண்டும் ஒன்றாக இருந்தால் காது கொடுப்போம். மாறியிருந்தால் ஏன் மாறியது என்று மரியாதையாகக் கேட்போம். மாறுவது குற்றமன்று, மனிதன் அனுபவத்தால் மாறத்தான் செய்வான். மாறியதற்குக் காரணம் சொல்லாமல் மாறுவதே குற்றம். 1951-இல் டத்தோ ஓனிடம் மிக நல்ல காரணம் இருந்தது. அதைக் கம்பத்து மனிதனுக்குப் பொறுமையாகச் சொல்லி முடிக்கும் முன்னே அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இனி பண்டார் டத்தோ ஓன் வழியே சரக்கு வண்டி போகும்போது, பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, பத்து பகாட்டில் அவர் காத்த உயிர்களின் பொருட்டு நற்கூலி தந்தருள்வானாக.